மீன் பெட்டி கழுவிய தண்ணீர்

எலக்ட்ரிக் ஆட்டோக்களில் சார்ஜிங் கோளாறு பார்ப்பது என் தொழில். கடை குடவாசலில். கோளாறு என்ன என்று கண்டுபிடிப்பதைவிட, தப்பு யார் மேல் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு வேகம் அதிகம். அந்த வேகத்தில் ஒரு மீன்கார அம்மாவின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன்.

நாகூர்க் கரையில் மீன் எடுத்து எங்கள் ஊர்த் தெருக்களில் விற்பவர் அவர். சரக்கு ஆட்டோவை அவரே ஓட்டுவார். சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறது என்று ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சாக்கெட்டில் மீன் செதில், பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"இங்கயே மீன் பெட்டி கழுவுனா இப்படித்தாம்மா ஆகும். இனிமே இந்தப் பக்கமே தண்ணி வரக் கூடாது" என்று கத்திவிட்டுப் புது சாக்கெட் மாட்டினேன்.

பத்தே நாளில் மறுபடி அழைப்பு. இந்த முறை சார்ஜரில் சிவப்பு விளக்கு, சுத்தமாக ஏறவில்லை. சாக்கெட் பளிச்சென்றுதான் இருந்தது. இருந்தும், "சொன்னாக் கேக்கணும்ல" என்றேன்.

அவர் கணவர் முதலிலிருந்தே இந்த வண்டி வேண்டாம் என்றவர். என் பேச்சு, வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த கதையாகிவிட்டது. "வெள்ளிக்கிழம வித்துரலாம். நீ பழையபடி கூடையத் தூக்கு" என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மனசு கேட்கவில்லை. வண்டியையும் சார்ஜரையும் ஏற்றிவந்து என் கடையில் செருகினேன். முழுதாக ஏறியது. அப்படியென்றால் கோளாறு வீட்டு லைனில்.

வியாழக்கிழமை மீட்டரோடு போனேன். எர்த் சரியில்லை. எர்த் இல்லையென்றால் இந்தச் சார்ஜர் வேலை செய்யாது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மணலில் புதைத்த எர்த் கம்பி. சித்திரை வெயிலில் மணல் பொரிந்து கிடந்தது. ஈரம் இல்லாத மண்ணில் எர்த் பிடிக்காது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தது.

மீன் பெட்டி கழுவிய உப்புத் தண்ணீர்தான் இத்தனை நாளும் அந்த மணலை ஈரமாக வைத்திருந்தது. அதை நிறுத்தச் சொன்னவன் நான்.

"தப்பு என்னோடதுங்க, வண்டிய வித்துராதீங்க" என்று கணவரிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். எர்த் கம்பிக்கு ஆழமாகப் புதுக் குழி எடுத்து, ஈரம் நிற்கக் கரியும் உப்பும் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்து நின்றார்.

"பெட்டிய தெருக்கோடி கொழாயில கழுவ ஆரம்பிச்ச அப்புறந்தாங்க ஏறாமப் போச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க ஒரு வார்த்த கேக்கவே இல்லியே."