கொப்பைப் பிடுங்கினார்கள், குழியை விட்டுவிட்டார்கள்

தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், தெருமுனைச் சாக்கடையின் மூடி உடைந்து பல மாதங்கள் ஆகின்றன. மனு கொடுத்தால், "நிதி இல்ல வே, பைய பாப்போம்" என்பார் நகராட்சி மேற்பார்வையாளர். வீட்டு வரியைக் கூட்டும்போது மட்டும் யாரும் பையப் பார்க்கவில்லை. குழி இருப்பதாவது தெரியட்டும் என்று தெருக்காரர்களே ஒரு வேப்பங்கொப்பை அதில் நட்டு வைத்தோம்.

இதற்கிடையே ஆற்றுப்பாலத்தருகே, செல்ஃபி எடுப்பதற்கென்று ஊர்ப் பெயரை ஆளுயர விளக்கெழுத்துகளாக நிறுத்தினார்கள். அதற்கு நிதி இருந்தது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வரும் வழி என்று எங்கள் தெருவைக் கூட்டி, பிளீச்சிங் பவுடரும் தூவினார்கள்.

அன்று மாலை மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றது. சந்தையிலிருந்து வந்த என் மனைவி, கொப்பைக் காணாததால் மூடி போட்டுவிட்டார்கள் என்று நம்பிக் கால் வைத்தாள். இடுப்புவரை உள்ளே போய்விட்டாள். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஓடிவந்து தூக்கியதால் பிழைத்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய்க் கத்தினேன்.

"அமைச்சர் வந்தாவல்லா. கொப்பு அசிங்கமா தெரியும்னு பிடுங்கச் சொன்னேன்" என்றார்.

"அப்போ குழி?"

"அது காருல போறவங்களுக்குத் தெரியாதுல்லா."

இப்போது நான் கொப்பு நடுவதில்லை. எங்கள் கவுன்சிலர் கைகூப்பிச் சிரிக்கும் பிறந்தநாள் பிளக்ஸ் ஒன்றைக் கம்பில் கட்டிக் குழிக்குள் நட்டிருக்கிறேன். அதன்பிறகும் விழாக்கள் நடந்தன, தெருவைக் கூட்டினார்கள். அவரைச் சுற்றித்தான் கூட்டினார்கள்.