ஜோசப்பின் மாமியின் அடிக்கல்

ஜோசப்பின் மாமி சந்தையில் "இறால்!" என்று ஒரு தரம் கூவினால் காத்தான்குடிக் கடைக்காரர்கள் தராசைத் தூக்குவார்கள், கரடியனாற்று மாடுகள் கழுத்தைத் திருப்பிக் கிறுகிப் பார்க்கும், வாவியில் மிச்சமிருக்கும் இறாலெல்லாம் தானாகக் கரையேறிவிடும். உலகத்திலேயே பெரிய வாய் அவளுடையதுதான். அதனால்தான் பக்கத்து வீட்டு நிலோஜன் போனில் எடுத்த பகிடிப் படத்தில் அரசியல்வாதி வேடம் அவளுக்குக் கிடைத்தது.

படத்தில் அவள் உண்மை மட்டும் பேசும் வேட்பாளர். "போன முறை பாலம் கட்டித் தாறன் எண்டன். கட்டல்ல. இந்த முறையும் கட்டமாட்டன். பொய் சொல்ற பழக்கம் எனக்கில்ல!"

படத்தைத் திரையிட்ட பல்நோக்கு மண்டபத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. முன்வரிசையில், மாலையோடு, பிரதேச சபைத் தவிசாளர் இருந்தார். பகிடிக்காக அவரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டதும் நிலோஜன்தான். அவர் வந்து இறங்கிய பிறகுதான் மாமிக்கே தெரியும். புதுச் சந்தைக் கட்டடத்தில் யாருக்குக் கடை என்று வருகிற கிழமை முடிவெடுப்பவர் அவர். வெயிலில் குந்தியிருந்தே மீன் விற்ற மாமிக்கு அந்தக் கூரை வேண்டும்.

அடுத்தது அடிக்கல் காட்சி. சந்தைக் கழிப்பறைக்குத் தவிசாளர் நட்ட கல், அன்று பின்னேரமே அவருடைய வாகனத்தில் ஏறியதை மாமி கண்ணால் கண்டவள். படம் எடுக்கும்போது அதையும் அப்படியே அவிழ்த்துவிட்டாள்: "தம்பி, கல்லக் கவனமா ஏத்து. நாளைக்கு அடுத்த ஊரில நடவேணும்!"

மாமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கினாள். விரல் வெளுத்தது. எழும்பிப் போனால் ஊர் பார்க்கும். இருந்தால் அவர் பார்ப்பார். அவர் கிறுகிப் பார்த்தே விட்டார். அவள் பல்லைக் காட்டினாள்.

படம் முடிந்தது. கல் காட்சி வரவேயில்லை.

"மற்றக் கட்சிக்காரனுக்கு நல்ல அடி, அக்கா!" என்று தவிசாளர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாமி வாசலில் நிலோஜனின் காதைப் பிடித்தாள். "எங்கடா என்ட கல்லு?"

"போன்ல இடமில்ல மாமி. அழிஞ்சி போச்சி."

"பயத்தில செத்தே போனன். வெட்டினதெண்டா முதலே சொல்லக்கூடாதா?"

"நான் வெட்டல்ல மாமி, தானா..."

"அப்ப நேத்து அந்தோனியார் கோயில்ல மெழுகுதிரி கொளுத்தினது ஆரு? பிள்ளையாரோட கோவமா உனக்கு?"

"அது... சோதனைக்கு."

"பள்ளிக்கூடத்த விட்டு ரெண்டு வருசம். என்ன சோதனைடா? என்ட கடைக்குத்தானே கொளுத்தினாய்?"

நிலோஜன் செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்தான். செருப்பு காலில்தான் இருந்தது.