ஸ்பிரிங்கை உதட்டில் வைத்தவர்

ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன் நான். ஆனால் ஓசூரில் பாதி வீட்டுக்குக் கதவு போட்டவன். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு இழைப்பு மெஷின் தோற்கடித்தது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கார்பன் கட்டை தேய்ந்தால்கூட அதன் வயிற்றைப் பிளக்க வேண்டும். மூடும்போது கார்பனைத் தள்ளும் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று பறந்துவிடும். விடிந்தால் ஒரு வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள், தலைவாசல் கதவு பாதி இழைப்பில் நின்றது.

கெலமங்கலம் ரோட்டில் மெஷின் ரிப்பேர் செய்பவரிடம் தூக்கிப்போனேன். ஒல்லியான ஆள், உதட்டோரம் கார்பன் கரி. மெஷினைத் திட்டத் தெலுங்கு, என்னோடு பேசத் தமிழ். ஸ்பிரிங்கை உதட்டில் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினார்.

"என்னப்பா, முத்தம் கொடுக்கிறியா?"

"மெஷின் நடுங்கி நடுங்கி விரல் மரத்துப்போச்சு மேஸ்திரி. ஸ்பிரிங் முனை எந்தப் பக்கம்னு உதட்டுக்குத்தான் தெரியுது. இந்த மெஷினைச் செஞ்சவன் ஒருநாளும் கழட்டிப் பார்த்திருக்க மாட்டான்."

"என் கை அப்படியில்ல," என்று அடுத்த ஸ்பிரிங்கை நானே அழுத்திப் பிடித்தேன். அவர் மூடித் திருகினார். மெஷின் ஓடியது.

"கட்டைவிரலைப் பாருங்க மேஸ்திரி."

ஸ்பிரிங் முனை குத்தி, ரத்தம் மணிக்கட்டுவரை வந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் ஒரு துணியை நீட்டினார்.

கதவு நேரத்துக்கு ஏறியது. வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்து, வழவழவென்று இருக்கிறது என்றார்கள். நானும் தடவினேன். அவர்கள் உள்ளே போனபிறகு, குனிந்து கதவில் உதட்டை வைத்துப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது.