என் வீட்டுப் பிரிண்டரில் வந்த தாள்

போன ஐப்பசி மழையில், மண்டைக்காட்டில் எங்கள் வீட்டில் இருந்தபோது நடந்தது இது. மகளுக்கு அப்போது பத்து மாதம். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்த வேலையைப் பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே செய்து வந்தேன். என் கணினி வழியாக மருத்துவமனைக் கணினிக்குள் நுழைந்து, வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிகளின் மருந்துச் சீட்டை டைப் செய்து பிரிண்ட் கொடுப்பேன். தாள் அங்கே குழந்தைகள் வார்டில் உள்ள பிரிண்டரில் வரும். நர்ஸ் எடுத்துக் கொடுப்பார்.

அன்று காலையிலிருந்து வார்டு பிரிண்டருக்கு இணைப்பே இல்லை. ஒரு கைக்குழந்தைக்கான சீட்டை அனுப்பியும் அது வரிசையில் அப்படியே நின்றது. வலிப்புக்கான மருந்து. சற்று நேரத்தில் டாக்டர் போனில் அழைத்து, அந்தக் குழந்தைக்கு அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். திருத்திச் சேமித்து, மறுபடி பிரிண்ட் கொடுத்தேன். அதே நொடியில் இடி இடித்தது. திரை உறைந்து, இணைப்பு அறுந்தது.

மோடத்தில் சிவப்பு விளக்கு. அணைத்துப் போட்டேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மறுபடி உள்ளே போனபோது எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தது. வார்டு பிரிண்டரின் வரிசை காலி. அப்பாடா, தாள் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கு எதையும் ஒரு தடவையில் நம்பத் தெரியாது. பூட்டிய கதவை நாலு முறை இழுத்துப் பார்ப்பவள் நான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை பிரிண்ட் கொடுத்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் எங்கள் வீட்டுப் பிரிண்டர் உறுமியது.

திடுக்கிட்டுத் திரும்பினேன். முன்பின் பார்த்திராத அந்தக் குழந்தையின் பெயரோடு, திருத்திய சீட்டு மெல்ல வெளியே வந்தது. இணைப்பு அறுந்து திரும்பியதில் பிரிண்டர் மாறிவிட்டிருக்கிறது. அப்படியானால் வார்டில் வந்தது எது? தேடிப் பார்த்தேன். அங்கே அச்சானது ஒன்றே ஒன்றுதான். காலையில் சிக்கிக் கிடந்த பழைய சீட்டு. என் திரை செத்துக் கிடந்த நேரத்தில் வார்டு பிரிண்டருக்கு இணைப்பு திரும்பி, அது தன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இடி இடித்தபோது நான் கொடுத்த திருத்திய சீட்டு இங்கிருந்து கிளம்பவே இல்லை.

வார்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். மகள் கட்டிலில் வீறிட்டு அழுதாள்.

"ஏட்டி, பிள்ள கெடந்து கரையுகு, ஒனக்குக் காது கேக்கலியா?" என்று மாமியார் அடுக்களையிலிருந்து சத்தம் போட்டார்.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். மறு கையால் மறுபடி வார்டு எண்ணை அழுத்தினேன். அவள் என்னை இறுக்கிக்கொண்டாள். அந்தக் குழந்தையின் அம்மாவும் இப்படித்தான் பிள்ளையை இடுக்கிக்கொண்டு, தாளில் உள்ளபடி அளந்து வாயில் ஊற்றுவாள். அவள் ஏன் சந்தேகப்படப் போகிறாள்?

கடைசியில் நர்ஸ் எடுத்தார்.

"சிஸ்டர், அந்த வலிப்புக் கொழந்தைக்கு வந்த தாள்..."

"அதா? அப்பமே குடுத்தாச்சு மக்கா. அவிய மருந்தும் வாங்கியாச்சு. நீ எதுக்குக் கெடந்து பதறுக?"

"அது பழைய அளவு சிஸ்டர்! அவியள விட்டுராதீங்க!"

ரிசீவர் மேசையில் விழுந்தது. செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும். அது எங்கள் ஓட்டின் மேலா, போனுக்குள்ளா என்று தெரியவில்லை. மண்டைக்காட்டுக் கோயில் அம்மையைக் கூப்பிட்டேன்.

நர்ஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "கெடச்சாவ மக்கா! பைக்குல போணும்லா, மழை விடட்டும்னு வாசல்லயே நின்னாவ. ஒரு துளி குடுக்கல்ல. பழைய தாள வாங்கியாச்சு, டாக்டர் இப்பம் கையால எழுதிக் குடுக்காரு. நீ மொதல்ல தண்ணி குடி."

மகளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் இணைப்பை அறுத்த அதே மழைதான் அவர்களையும் வாசலில் பிடித்து நிறுத்தியிருந்தது.

இப்போது இணைப்பு ஒரு முறை அறுந்து வந்தாலும், எந்தப் பிரிண்டர் என்று பார்க்காமல் நான் பிரிண்ட் கொடுப்பதில்லை. வரிசை காலியாக இருந்தாலும் வார்டைக் கூப்பிட்டு, வந்த தாளில் உள்ள அளவை வாசிக்கச் சொல்கிறேன். "பரிச்ச வைக்க வந்தாச்சா டீச்சர்?" என்று நர்ஸ் கேலி செய்வார், ஆனால் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார்.

மழை விடத் தொடங்கினால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கிறது. எனக்கு மட்டும் இன்றும் நெஞ்சு ஒரு கணம் பதறி, இன்னும் கொஞ்சம் பெய்யேன் என்று கெஞ்சுகிறது.