பிறக்காத சுலைமானின் தகப்பன்

என் பெயர் தாவூத். பாக்தாதில் அதமியா பக்கம் ஏர்கூலர் பழுது பார்க்கிறேன். தாவூத் வீடு எங்கே என்று தெருவில் கேட்டால் விழிப்பார்கள். அபு சுலைமான் வீடு என்று கேளுங்கள், கையைப் பிடித்து வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். தாவூத் நபியின் மகன் சுலைமான் நபி. ஆகவே எங்கள் ஊரில் தாவூத் என்று பெயர் வைத்த எவனும் அபு சுலைமான், சுலைமானின் அப்பா. மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த காலத்திலேயே எனக்கு இந்தப் பட்டம் வந்துவிட்டது. இதே வழக்கப்படி டீக்கடை இப்ராஹிமை அபு கலீல், கலீலின் அப்பா என்போம். அவருக்குப் பிறந்ததெல்லாம் பெண்கள்.

இதைத் தெரிந்துகொண்டால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது புரியும்.

அந்நியப் படை வந்து ஊரைப் பிடித்த மறு வருடம், ஒரு வீட்டு மாடியில் கூலர் பொருத்திக்கொண்டிருந்த என்னைச் சிப்பாய்கள் இறக்கிக் கொண்டுபோனார்கள். மொட்டை மாடியில் நின்றவனெல்லாம் அப்போது சந்தேகக் கேஸ். முகாமில் ஒரு கூடாரத்துக்குள் உட்காரவைத்து, "நீ யாரு?" என்றார்கள். ஒழுங்காகத் தாவூத் என்று சொல்லியிருந்தால் அந்த வாரமே வீடு திரும்பியிருப்பேன். எனக்கோ வாய் நீளம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அபு சுலைமான்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளன் கடலுக்கு அப்பால் வளர்ந்தவன். அரபு தெரியும், எங்களைத் தெரியாது.

"சுலைமான் எங்க?"

"எந்த சுலைமான்?"

"உன் மகன்."

"ஐயா, கல்யாணமே போன குளிர்காலத்துலதான் ஆச்சு. மகன் இருந்தாலும் வயித்துக்குள்ளதான் இருப்பான்."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவன் என்னத்தை மொழிபெயர்த்தானோ, அறை விழுந்தது. அப்போதாவது வாயை மூடினேனா? விளக்கம் சொல்கிறேன் பேர்வழி என்று நபி கதையை எடுத்துவிட்டேன். "சுலைமான் பெரிய ராஜா, நபி, பறவைங்களோட பேசுவாரு..." அவர்கள் பரபரவென்று எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு சுலைமானை என் உடம்பில் தேடினார்கள். கைகளைப் பின்னால் கட்டிக் கம்பியில் தொங்கவிட்டார்கள். பூட்ஸ் காலால் அடிவயிற்றிலும் அதற்குக் கீழேயும் உதைத்தார்கள். நான் வீரனெல்லாம் இல்லை. இல்லாத மகனைக் காட்டிக்கொடுக்க சீக்கிரமே தயாராகிவிட்டேன். எந்த ஊரில் ஒளிந்திருக்கிறான் என்று சொல்வது என்பதில்தான் குழப்பம். கோடை முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போனார்கள்.

பல வருடம் கழித்து, அவர்கள் நாட்டு நீதிமன்றம் வற்புறுத்தியதில், கைதிகளுக்கு நடந்தவை பற்றிய கோப்புகளை அவர்கள் அரசாங்கமே வெளியிட்டது. எங்களைப் போன்றவர்களுக்காக வழக்கு நடத்தும் வக்கீல் புஷ்ரா கூப்பிட்டனுப்பினார். நானும் என் மனைவி சாஜிதாவும் போனோம்.

மேசை மேல் இரண்டு பக்கங்கள். பாதிக்கு மேல் கறுப்பு மை. கைதியின் பெயர், உதைத்தவர்களின் பெயர் எல்லாம் மைக்குள். மிஞ்சியிருந்த ஒரே பெயர் சுலைமான். பிறக்காதவனின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

புஷ்ரா படித்துக் காட்டினார். "'கைதி தன் மகன் சுலைமானின் இருப்பிடத்தைச் சொல்ல மறுக்கிறார். மகன் மதத் தலைவர் என்றும், தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்பவர் என்றும், பறவைகள் மூலம் தகவல் அனுப்புபவர் என்றும் தெரிகிறது.'"

சாஜிதா தலையில் அடித்துக்கொண்டாள். "உதை வாங்குற எடத்துலயும் கதையளக்கணுமா? இந்த வாய வச்சிக்கிட்டு..."

புஷ்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது நீங்கதான்னு எனக்குத் தெரியுது, அபு சுலைமான். கோர்ட்டுல நிரூபிக்கணுமே? இதுல இருக்கிற அடையாளம் மகன் ஒருத்தன்தான். குடும்பப் பதிவுல உங்களுக்குப் புள்ளையே இல்ல. இது வேற ஆளுன்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க."

தள்ளிவிட்டால், எனக்கு நடந்தது யாருக்குமே நடக்காத ஒன்றாகிவிடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"தெருவையே சாட்சிக்குக் கூட்டியாரேன்," என்றேன். "அபு கலீல் வந்து சொல்லட்டும், கலீலே இல்லாம அவரு எப்படி அபு கலீல் ஆனாருன்னு."

"அது உங்க ஊர் வழக்கத்துக்குச் சாட்சி. இந்தப் பக்கத்துல இருக்கிறது நீங்கதான்ங்கிறதுக்கு?"

"அப்போ ஒரு சுலைமானத் தத்தெடுத்துக்கலாமா?"

யாரும் சிரிக்கவில்லை.

சாஜிதா இரண்டாம் பக்கத்தைத் தொட்டாள். "இதுல என்ன போட்டிருக்கு?"

புஷ்ரா தயங்கினார். "முகாம் டாக்டரோட குறிப்பு."

"படிங்க."

"'கைதி படிக்கட்டில் தவறி விழுந்ததாகத் தெரிகிறது. இரண்டு விரைகளும் நசுங்கியுள்ளன. இனி குழந்தை பிறக்க வாய்ப்பில்லை.'"

கூடாரத்தில் ஏது படிக்கட்டு என்று கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. கடைசி வரியை எங்கள் ஊர் டாக்டர்களும் சொல்லியிருக்கிறார்கள், வேறு வேறு ஆஸ்பத்திரிகளில், ஒரே மாதிரி. அதற்கப்புறமும் அக்கம்பக்கத்தார் சாஜிதாவைத்தான் பிள்ளை வரம் கேட்டுத் தர்காவுக்குப் போகச் சொன்னார்கள். அவளும் மறுக்காமல் போய்வந்தாள்.

"எழுதிக்குங்க, வக்கீலம்மா," என்றாள். "பதிவுல புள்ளை இல்லைங்கிறதுதான் இவருதான் அவருங்கிறதுக்குச் சாட்சி. எந்த டாக்டர் வேணாலும் இவரப் பாக்கட்டும், காயம் அப்படியேதான் இருக்கு. சுலைமான் எங்கன்னு இன்னும் கேட்டாங்கன்னா, நீங்க அவன உதைச்சே கொன்னுட்டீங்க, அவன் பொறக்கறதுக்கு முன்னாடியேன்னு சொல்லுங்க."

புஷ்ரா பேனாவை எடுத்தார். அந்தப் பெயரை வைத்து ஊரெல்லாம் சிரிக்கவைத்திருக்கிறேன், நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால், என் மகனுக்காக முதல் முறையாக அழுதேன்.