ஆகஸ்டில் பூட்டி வைத்த அறை

யெர்காவுக்கும் எனக்கும் முப்பது வருஷப் பகை. பகை என்றால் கப்பல்துறையில் மட்டும்தான். அக்கரையில் ஸ்பிளிட் நகரத்திலிருந்து கப்பல் வந்து நின்றதும், ‘அறை உண்டு’ என்று நாலு மொழியில் எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தீவுப் பெண்கள் இருபது பேர் நிற்போம். நான் ஒருவரை மடக்கிப் பேசிக்கொண்டிருக்கும்போதே யெர்கா என்னை இடித்துக்கொண்டு வந்து, அரைகுறை ஜெர்மனில், "இவ வீட்ல தண்ணி வராது, என்கூட வாங்க" என்பாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "இவ வீட்டு மாடிப்படி ஏறி ஒருத்தருக்கு இடுப்பே போச்சு" என்பேன். சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து மத்தி மீன் சுத்தம் செய்வோம். பக்கத்துப் பக்கத்து வீடு, வேறு எங்கே போவது.

அவள் புருஷனைக் கடல் கொண்டுபோனபோது மகன் லூக்ஷாவுக்கு நாலு வயது. வீட்டில் நல்ல அறை என்று இருந்தது ஒன்றே ஒன்று, மாடியில், கடலைப் பார்த்து. ஜூன் பிறந்தால் அது விருந்தாளிகளுக்கு. தாயும் பிள்ளையும் கீழே ஒயின் பீப்பாய் வைக்கிற நிலவறையில், மடக்குக் கட்டிலில். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் ஓடினால், பாடினால், அழுதால், "ஷ்ஷ், மேல ஆள் இருக்காங்க" என்போம். கோடை முழுக்க எங்கள் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

ஆனால் யெர்கா வீட்டு நிலவறையில் ஈரம் ஊறும். லூக்ஷா செப்டம்பர் வரை இருமிக்கொண்டே இருப்பான். எட்டு வயதில் ஒருநாள் என்னிடம் கேட்டான், "அத்தை, நானும் காசு குடுத்தா எங்க வீட்டு மேல்ரூம்ல படுக்கலாமா?" விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த அறை அவனைப் படிக்க வைத்தது, வெளிநாட்டில் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு அனுப்பியது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் தனியாக வந்துபோவான். அங்கேயே கல்யாணம், பிறகு ஒரு பெண் குழந்தை. பத்து மாதமாகியும் யெர்கா பேத்தியைத் தொட்டதில்லை. போன வசந்தத்தில் போன் செய்து, ஆகஸ்டில் மூன்று பேரும் வருகிறோம் என்றான். எங்கே தங்குவீர்கள் என்று இவள் கேட்கவில்லை. சொந்த வீட்டுக்கு வருகிறவனிடம் யார் கேட்பார்கள்?

பத்தொன்பது வருஷமாக அதே நாட்களில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரியத் தம்பதிக்கு, இந்த வருஷம் இடமில்லை என்று எழுதிவிட்டாள். அறைக்கு வெள்ளையடித்தாள், புது மெத்தை வாங்கினாள். நான் நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஆகஸ்ட்ல ரூமைப் பூட்டி வெக்கறவ இந்தத் தீவுலயே நீ ஒருத்திதான்டி. புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. ஒரு ஆகஸ்டாவது அவன் கட்டில்ல அவன் படுக்கட்டும். நீ அவன்கிட்ட உளறித் தொலைக்காத. வந்து கண்ணால பாக்கட்டும்."

நான் அப்போது போனிலேயே ஆள் பிடிக்கப் பழகியிருந்தேன். கே. பிராண்ட் என்ற பெயரில், கைக்குழந்தையோடு ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்கு அறை கேட்டு ஒரு செய்தி வந்தது. ஈரமில்லாத அறைதானா என்று இரண்டு தடவை கேட்டிருந்தார்கள். நாள் முழுக்க வெயில் விழும் என்று பதில் போட்டேன். யெர்காவின் மருமகள் கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பா பெயரையே வைத்திருக்கிறாள் என்று நான் எங்கே கண்டேன்?

மகன் வருகிற அன்று யெர்கா முதல்முறையாக அட்டை இல்லாமல் துறைக்கு வந்தாள். நீலச் சட்டை போட்டிருந்தாள். வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிசைந்துகொண்டே நின்றாள். நான் ‘பிராண்ட்’ என்று எழுதிய அட்டையோடு பக்கத்தில் நின்றேன். லூக்ஷா இறங்கி வந்து குழந்தையை அவள் கையில் கொடுத்தான். அவள் அதன் தலையை மோந்து பார்த்து அழுதாள். அதற்குள் மருமகள் என் அட்டையைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள்.

லூக்ஷா பிடரியைச் சொறிந்தான். "அம்மா, கோவிச்சுக்காத. ஆகஸ்ட்ல மேல ஆள் இருப்பாங்க, நமக்குக் கீழதான் இடம். பாப்பாவுக்கு நெஞ்சு சளி, அந்த ஈரம் ஒத்துக்காது. அதான் பக்கத்துலயே, அத்தை வீட்ல. என் பேர்ல போட்டா அத்தை காசு வாங்க மாட்டாங்கன்னு இவ பேர்ல போட்டோம்."

நான் வாயைத் திறந்தேன். யெர்கா என் காலை அழுத்தி மிதித்தாள்.

"நல்லதுதான் பண்ணின," என்றாள் அவனிடம். "மேல ஆள் இருக்காங்க. நெஞ்சு சளி இருக்கற புள்ளைய யாராவது கீழ போடுவாங்களா?"

அவர்களை முன்னால் நடக்கவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏன்டி பொய் சொன்ன? இப்பவே நான் சொல்லிடறேன்."

"சொல்லாத. அவன் இருமறப்போ திறக்காத ரூமை இப்ப எதுக்குத் திறந்தன்னு ஆயிடும். அவன் வாய்விட்டுக் கேக்க மாட்டான், தங்கமான புள்ள. ஆனா எனக்குக் கேக்கும், தோப்ரிலா."

ராச்சாப்பாட்டுக்கு அவர்கள் அவள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நாலு மணிக் கப்பலுக்கு அவள் மறுபடி அட்டையோடு வந்துவிட்டாள். முதுகில் கூடாரம் சுமந்த இரண்டு போலந்துப் பையன்கள்தான் மிச்சம். எங்களுக்கு அறை வேண்டாம் என்றார்கள். பாதி விலை, கால் விலை என்று இறங்கிப் பார்த்தாள், கடைசியில் இனாமாகத் தருகிறேன் என்று சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் பூட்ஸ் காலோடு புது மெத்தையில் விழுந்தார்கள்.

சாயங்காலம் என்னையும் கூப்பிட்டிருந்தாள். ஒயினில் இரண்டு நாள் ஊறப்போட்ட மாட்டிறைச்சி அடுப்பில் இருந்தது. லூக்ஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். குழந்தை எதையோ பார்த்துக் குஷியாகக் கத்தியது. மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. அவன் மேலே ஒருதரம் பார்த்துவிட்டு, குழந்தையின் வாயில் விரலை வைத்தான்.

"ஷ்ஷ், மேல ஆள் இருக்காங்க."

யெர்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிண்டினாள். அது எப்போதோ வெந்துவிட்டிருந்தது.