தாரைவினி அக்காவின் சிட்னி ஜன்னல்

எங்கள் ஊரில் சாப்பாட்டு நேரத்தில் தாரைவினி அக்காவின் வீட்டைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை. சட்டியின் மூடியைத் திறந்ததுமே அவள் கண் வாசலுக்குப் போய்விடும். யார் கடந்து போனாலும், "வாங்க, சாப்பிடலாம்!" என்று கத்துவாள். போகிறவர், "வயிறு நிறைஞ்சிருக்கு, நீங்க சாப்பிடுங்க!" என்று பதிலுக்குக் கத்திவிட்டுப் போவார். பட்டினியாகப் போகிறவரும் அதையேதான் சொல்வார். ஃபிஜியில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆனால் அக்காவின் குரல் தேவாலயம் வரைக்கும் கேட்கும். பாதிரியார் ஒரு முறை ஜெபத்தின் நடுவிலேயே "வயிறு நிறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டதாக ஊரில் கேலி உண்டு.

அவள் என் கணவரின் அக்கா. அவளுடைய ஒரே மகள் சைனிமிலி சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். குளிர்காலத்தில் ஊர் சுற்றிப் பார்க்க வரச் சொல்லி அக்காவையும் என்னையும் அழைத்தாள். சுற்றிப் பார்ப்பது பேச்சுக்குத்தான். அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் எப்பராமாவின் பெற்றோர் சனிக்கிழமை இரவு சாப்பிட வருகிறார்கள் என்பதே விஷயம். அவர்களும் ஃபிஜிக்காரர்கள்தான், ஆனால் முப்பது வருடமாக சிட்னிவாசிகள்.

"எப்பராமாவோட அம்மா உனைசிக்கு எதுவும் லேசில பிடிக்காதும்மா. அவங்க சரின்னுட்டா மத்ததெல்லாம் சரியாயிடும். நீ நல்லா சமைச்சிடு, போதும்" என்றாள் சைனிமிலி.

"என் மீனைத் தின்னா அவ உன்னைப் பத்திக் கேக்கவே மறந்துடுவா, போடி" என்றாள் அக்கா.

முதல் நாளே ரயிலில் வம்பு. உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் நிமிர்ந்து நடக்க மாட்டார்கள். குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போவார்கள். அன்று பெட்டி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இடுப்பு ஒடியக் குனிந்து, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று போனாள். நானும் பின்னாலேயே குனிந்து போனேன். நாங்கள் எதையோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்து ஒரு பெரியவர் மண்டியிட்டு இருக்கைக்கு அடியில் தேடினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் தேடினார்கள். கடைசியில் ஒரு பெண் எவருடைய காதணியையோ கண்டெடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இது நம்மளோடது இல்லையே அக்கா" என்றேன்.

"சும்மா இரு. எவ்வளவு ஆசையாத் தேடிக் குடுத்திருக்கா, பாவம்!"

இறங்கிய பிறகு அதை நிலைய ஊழியரிடம் கொடுத்தோம்.

அதற்கப்புறமும் அவளுக்கு அந்த ஊர் ஒட்டவில்லை. தெருவில் எதிர்ப்பட்ட எல்லாருக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி புருவத்தை உயர்த்தி வணக்கம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலடி. ஸ்வெட்டர் போட்ட நாய் ஒண்ணுதான் மரியாதையா வாலை ஆட்டுச்சு."

"அவங்க காதுல பாட்டு ஓடுதும்மா."

"ஊர் மொத்தத்துக்குமா?"

சனிக்கிழமை சைனிமிலி வேலைக்குப் போய்விட்டாள். அக்கா ஒரு பெரிய மீனைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தாள். சேப்பங்கிழங்கும் கீரையும் தயாராயின. வீடு தரைத்தளத்தில்; ஜன்னலை ஒட்டியே ரயில் நிலையத்துக்குப் போகும் நடைபாதை. குளிரிலும் அக்கா ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். ருசி பார்க்க எனக்கும் அவளுக்கும் துளி துளி பரிமாறினாள். அப்போது ஒருவர் நாயோடு கடந்து போனார். அக்காவின் வாய் தானாகத் திறந்தது, அந்த ஊருக்கு ஏற்ப ஆங்கிலத்தில்.

"வாங்க, சாப்பிடலாம்!"

அவர் நின்றார். "நிஜமாவா?" என்றார். மோப்பம் பிடித்தார். "வாசல் எந்தப் பக்கம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடி இது, வரான்!"

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டா வந்துடறதா?"

வந்தவருக்குப் பரிமாறாமல் முடியுமா? அவர் முள்ளைக்கூட விடவில்லை; விட்டதை நாய் பார்த்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து இரண்டு கல்லூரிப் பெண்கள் கடந்து போனார்கள். நான் அக்காவின் வாயைப் பொத்தக் கையை நீட்டுவதற்குள் அவள் கூப்பிட்டாகிவிட்டது. பிறகு மாடிவீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்தவர். எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டைக் கேட்டதும் அக்கா மறுபடி பரிமாறினாள். அவர்கள் போனபோது கிழங்கும் கீரையும் தீர்ந்து, சட்டியில் மீனின் வாலும் கொஞ்சம் பாலும் மட்டுமே இருந்தன.

"என் பொண்ணு வாழ்க்கையைத் தூக்கி நாய்க்குப் போட்டுட்டேனே" என்று அக்கா தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"கடைக்குப் போய் மீன் வாங்கிட்டு வரேன்" என்றேன். தனியாக அந்தத் தெருவில் இறங்கவே எனக்குப் பயம். ஆனாலும் செருப்பை மாட்டினேன். அதற்குள் நடைபாதையில் சைனிமிலியின் குரல். எப்பராமாவும் அவன் பெற்றோரும் கூடவே வந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்து கண்ணைத் துடைத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தாள். ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"வாங்க, சாப்பிடலாம்!"

"வயிறு நிறைஞ்சிருக்கு, நீங்க சாப்பிடுங்க!" என்றாள் உனைசி, யோசிக்காமலேயே.

நடைபாதையில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். எப்பராமாவின் அப்பா பெனியாசி மனைவியை முறைத்தார். "ராத்திரி விருந்துன்னு மத்தியானம் சாப்பிட விடலை. இப்ப உனக்கு வயிறு நிறைஞ்சிருக்கா?"

"வாயில வந்துடுச்சு" என்றாள் உனைசி. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

உள்ளே வந்ததும் அவள் நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தாள். மீன் வாலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். சைனிமிலியின் முகம் வெளிறியிருந்தது.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"வந்தாங்களா?"

"வந்தாங்க. நாய்கூட."

உனைசி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்த ஊருக்கு வந்த புதுசுல நானும் கூப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை சமையல் மொத்தமும் போச்சு. இவர் ரொட்டி தின்னார்."

"ஜாம்கூட இல்லாம" என்றார் பெனியாசி.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ஜன்னலுக்குத் திரை போட்டேன்."

எப்பராமா போய் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் பொட்டலமாக வாங்கி வந்தான். தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். பொட்டலத்தைப் பிரித்ததும், ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். நாங்கள் எல்லாரும் அசையாமல் இருந்தோம்.

உனைசி எழுந்து போனாள். சொந்த வீட்டில் செய்வதுபோல், யாரையும் கேட்காமல், திரையை இழுத்து மூடினாள்.

"சம்பந்தி, நீங்க சாப்பிடுங்க" என்றாள்.